மிதிப்பது யார்?
அகதிகளுக்கான நிதி திரட்டும் சைக்கிள் பயணங்கள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ரஷ்யாவும் நார்வேயும் சந்திக்கும் ஸ்டூர்ஸ்கூக் எல்லைச் சாவடி உலகச் செய்திகளில் அடிபட்டது. வடதுருவ வட்டத்துக்கும் மேலே, குளிர் இறங்கிவிட்ட அந்தச் சாலையில், சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் தப்பி வந்தவர்கள் சைக்கிளில் எல்லையைக் கடந்துகொண்டிருந்தார்கள். காரணம் சட்டத்தில் இருந்தது. ரஷ்யத் தரப்பு அந்தச் சாவடியை யாரையும் நடந்து கடக்க விடாது. உரிய ஆவணம் இல்லாதவர்களைக் காரில் ஏற்றி வந்தால் நார்வே அந்த ஓட்டுநர்மீது வழக்குப் போடும். நடக்கவும் வழியில்லை, காரில் வரவும் வழியில்லை என்றபோது மிஞ்சியது சைக்கிள்தான். அந்த ஆண்டில் அந்த வழியே 5,000-க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள்; பெரும்பாலோர் வந்தது சைக்கிளில். எல்லை தாண்டியதும் இறங்கி, சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். சாவடிக்குப் பக்கத்தில் அவை மலையாகக் குவிந்தன. பல புத்தம் புதியவை. குழந்தைகள் ஓட்டும் சின்னச் சைக்கிள்களும் அவற்றில் இருந்தன. நார்வேயின் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று அவை பழைய இரும்பாகக் கழித்துக் கட்டப்பட்டன.

ஐரோப்பாவில் அகதிகளுக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணங்கள் பெருகத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். லண்டனிலிருந்து பாரிஸுக்கு, லண்டனிலிருந்து கலே துறைமுகத்துக்கு, இன்னும் துணிந்தவர்கள் ஏதென்ஸ் வரைக்கும் மிதித்தார்கள். நல்ல மனத்தோடு தொடங்கிய முயற்சிகள் அவை. அவற்றால் சமையற்கூடங்கள் நடந்தன, கூடாரங்கள் வாங்கப்பட்டன, வழக்கறிஞர்களுக்குக் கட்டணம் போய்ச் சேர்ந்தது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். குறைத்துப் பேச இங்கே வரவில்லை. ஆனால் இந்தப் பயணங்களில் பெரும்பாலானவற்றில் அகதி என்பவர் பதாகையில் இருக்கிறார், நிதி போய்ச்சேரும் முகவரியில் இருக்கிறார். சைக்கிளின் சீட்டில் இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: அகதி ஓட்ட முடியாதபடி அமைந்த பயணம், தான் எதற்காகக் கிளம்பியதோ அதையே பாதியில் விட்டுவிடுகிறது. அகதியிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது தான் விரும்பும் இடத்துக்குத் தன் போக்கில் போய்வரும் உரிமை. அந்த உரிமையைச் சாலையில் எல்லோர் கண்ணிலும் படும்படி செலுத்திக் காட்டுகிற நிகழ்ச்சி சைக்கிள் பயணம். அதில் அவருக்கு இடம் இருக்கிறதா என்பது உபசாரம் சார்ந்த கேள்வி அல்ல, நோக்கம் சார்ந்தது.

‘எங்கள் பயணத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாமே, நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே’ என்று அமைப்பாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். பந்திக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டு இலை போடாமல் விடுவதும் தடுப்பதல்ல. பதிவுக் கட்டணம், ஒவ்வொருவரும் இவ்வளவு திரட்டியாக வேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகை, சொந்தமாக ஒரு நல்ல ரோடு பைக், ஹெல்மெட், மழைச் சட்டை, கிளம்பும் இடத்துக்கு விடியற்காலையில் வந்துசேரும் செலவு, நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் மிதிக்கும் பழக்கம், எல்லை தாண்டப் பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒன்றுகூட அகதியை விலக்க வேண்டும் என்று வைக்கப்பட்டதல்ல. எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அதுதான்.

கையில் உள்ள காசை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். பிரிட்டனில் தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவருக்கு 2024 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்ட வாராந்திரத் தொகை 49.18 பவுண்டு. சாப்பாடு, உடை, போக்குவரத்து, தொலைபேசி எல்லாம் அதற்குள். உணவு தரும் ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டவருக்கு அன்றைய தொகை 8.86 பவுண்டுதான். அப்போது லண்டன் பஸ்ஸில் ஒரு முறை ஏறினால் 1.75 பவுண்டு. ஐந்து முறை ஏறினால் வாரப் பணம் முடிந்தது, மிச்சம் சில்லறை. வழக்கறிஞரைப் பார்க்க, ஆங்கில வகுப்புக்குப் போக, உள்துறை அலுவலகத்தில் கையெழுத்துப் போட, மருத்துவரிடம் போக இந்த ஐந்து டிக்கெட்டைத்தான் அவர் பங்கிட்டாக வேண்டும். வேலை செய்து சம்பாதிக்கலாமா என்றால் கூடாது. பன்னிரண்டு மாதம் கடந்தும் அவர் தவறின்றி முடிவு வராமல் இருந்தால் அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் அரசு பட்டியலில் உள்ள சில வேலைகள் மட்டுமே. இப்படிப்பட்டவர்முன் ஐம்பது பவுண்டு பதிவுக் கட்டணம் என்று ஒரு படிவத்தை நீட்டினால், ஒரு வாரம் முழுக்க வாழ்வதற்கான தொகையைவிட அதிகமாகக் கேட்கிறோம். இத்தகைய கணக்கைப் புரிந்துகொண்டுதான் 2013-இல் லண்டனில் ‘தி பைக் ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பு தொடங்கியது. வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய சைக்கிள்களை நன்கொடையாகப் பெற்றுப் பழுது பார்த்து, பூட்டு, விளக்கு, ஹெல்மெட்டோடு அகதிகளுக்குத் தருகிறார்கள். சைக்கிள் அங்கே பொழுதுபோக்கு அல்ல. அந்த ஐந்து டிக்கெட்டிலிருந்து விடுதலை. அகதிக்குச் சைக்கிள் அந்நியப் பொருள், பயணம் அவருக்கு ஆர்வமில்லாத விஷயம் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் போதுமா? போதாது. அடுத்து நிற்பது நிதி திரட்டும் பக்கம். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இணையத்தில் ஒரு பக்கம், அதில் நண்பர்களும் உறவினர்களும் பணம் போடுவார்கள் என்பது ஏற்பாடு. 2010 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களின் இத்தகைய பக்கங்களை எடுத்துக்கொண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். முன்பு கொடுத்தவர்களின் சராசரி பத்து பவுண்டு உயர்ந்தால், அடுத்து வருபவர் சுமார் இரண்டரை பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறார் என்று கண்டார்கள். மனித இயல்புதான், மொய் எழுதும்போது முந்தைய வரியைப் பார்க்காதவர் யார்? ஆனால் அதன் விளைவை யோசியுங்கள். வங்கியில் வேலை செய்யும் ஓட்டுநரின் பக்கம் நூறு பவுண்டில் தொடங்கி மேலே போகும். எரித்ரியாவிலிருந்து தனியாக வந்து, ஊரில் தெரிந்தவர்கள் எல்லோரும் தன்னைப் போலவே வாரம் 49 பவுண்டில் வாழ்கிறவர்களாக இருக்கும் இளைஞரின் பக்கம் இரண்டு பவுண்டில் தொடங்கும், அங்கேயே நிற்கும். இருவரும் ஒரே தூரம்தான் மிதிக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் தெரிகிற அந்த இடைவெளியை எந்த வரவேற்புரையாலும் மூடிவிட முடியாது. தனிநபர் இலக்கை எடுத்துவிட்டு, எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரே பக்கம், ஒரே இலக்கு என்று வைத்தால் சிக்கல் பெருமளவு தீரும். குழுவில் ஒருவருக்குப் பணம் படைத்த நண்பர்கள் இருப்பார்கள். இன்னொருவர் பஞ்சர் ஒட்டுவார். மற்றொருவர் வழி காட்டுவார். யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்பது வெளியே தெரிய வேண்டியதில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. பயணத்தின் வேலை பணம் திரட்டுவது. தூரம் அதிகமானால், கஷ்டம் அதிகமானால், கொடுப்பவர்களும் அதிகம் கொடுக்கிறார்கள். எல்லோராலும் முடிகிற பயணமாக்கினால் வசூல் குறையும், நட்டம் அகதிகளுக்குத்தான் என்பது அந்த மறுப்பு. இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குத் ‘தியாகி விளைவு’ என்றே பெயர் வைத்தார்கள். ஒரே தொண்டுக்கு, சுகமான விருந்து ஒன்றில் கலந்துகொண்டு கொடுப்பதைவிட, ஐந்து மைல் ஓடிக் கொடுப்பதற்கு மக்கள் கூடுதலாக முன்வருகிறார்கள். தொண்டு மனிதத் துயரத்தைத் துடைப்பதாக இருந்தால் இந்த விளைவு இன்னும் பலமாகத் தெரிகிறது. ஆக, கஷ்டப்படுவதற்கு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் கஷ்டத்துக்கு எடுத்துக்கொண்ட அளவைப் பாருங்கள்: ஐந்து மைல். எட்டு கிலோமீட்டர். நானூறு கிலோமீட்டர் அல்ல. கொடுப்பவரின் மனத்தை அசைப்பது, இந்த மனிதர் தன்னால் எளிதில் முடியாத ஒன்றைச் செய்கிறார் என்ற உணர்வு. வாரந்தோறும் நூறு மைல் மிதிப்பவருக்கு நூறு மைல் எளிது. நாற்பது வயதில் முதல்முறை சீட்டில் ஏறி, மூன்று மாதம் பழகி, நகரச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டும் பெண்ணுக்கு அது எளிதல்ல. நண்பர்களிடமும் முதலாளிகளிடமும் நிதி கேட்கும்போது இந்த இரண்டாவது கதையைச் சொல்ல அமைப்பாளர்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் குறை. அந்தப் பெண்ணின் பத்து கிலோமீட்டர் அதே குழுவில் இருக்கும் மற்றவரின் நூறு மைலோடு ஒரே பக்கத்தில் பதிவாகும்போது வசூல் குறைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

எல்லையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணங்களின் பெருமையே பெரும்பாலும் எல்லை தாண்டுவதில்தான் இருக்கிறது. லண்டனிலிருந்து கிளம்பி டோவரில் கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கலே. கையில் பாஸ்போர்ட், கப்பலில் காப்பி. அதே நீரிணையில் 2021 நவம்பர் 24 அன்று காற்றடைத்த படகு ஒன்று மூழ்கி 27 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தக் கடலைத் தாண்டி வந்து லண்டனில் தஞ்சம் கோரியிருப்பவர் இந்தப் பயணத்தில் சேர முடியுமா? அவருடைய பாஸ்போர்ட் இருந்தால் உள்துறை அலுவலகத்திடம் இருக்கும். அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினால் அவர் தன் கோரிக்கையைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு, 1951 அகதிகள் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவின்படி ஒரு பயண ஆவணம் உண்டு. அதற்குக் கட்டணம், காத்திருப்பு, பல நாடுகளுக்குத் தனியாக விசா. ஆக, எல்லை தாண்டும் வழியை வரைந்த கணமே யார் ஓட்டலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. எல்லைகள் மனிதரை எப்படிப் பிரிக்கின்றன என்று உலகுக்குச் சொல்லக் கிளம்பிய பயணம், அதே எல்லையைக் கொண்டு தன் ஓட்டுநர்களைப் பிரிக்கிறது. இதற்கு மாற்று கடினமானதல்ல. வழியை நாட்டுக்குள்ளேயே அமைக்கலாம். எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் நாள் பயணத்தை எல்லோருக்குமானதாக வைத்து, கடற்கரையில் நின்று, இதற்குமேல் நம்மில் சிலருக்கு வழி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மற்றவர்கள் தொடரலாம். அப்படி நிற்பது எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விடத் தெளிவாக அகதிகளின் நிலையைச் சொல்லும்.

அடுத்தது, ஓட்டவே தெரியாதவர்கள். ஆப்கானிஸ்தான், சூடான், சோமாலியா போன்ற நாடுகளிலிருந்து வரும் பெண்களில் பலர் சிறுவயதில் சைக்கிள் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்பதே சரி. அவர்களைச் சாலைப் பயணத்துக்கு அழைப்பது நடைமுறையில் சாத்தியமா என்று கேட்பவர்களுக்குத் தமிழர்களாகிய நாம்தான் நல்ல பதில் சொல்ல முடியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிப் பெண்கள், செவிலியர்கள், பாலர்பள்ளி ஊழியர்கள் கற்றுக்கொண்டார்கள். 1992-இல் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்பக்கத்து பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. குரங்குப் பெடல் போட்டுப் பழகும் வயதைத் தாண்டியவர்கள் அவர்கள். அங்கே நடந்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ‘கற்றுக்கொண்டு வாருங்கள், பிறகு சேர்த்துக்கொள்கிறோம்’ என்று யாரும் சொல்லவில்லை. கற்பதே இயக்கத்தின் நிகழ்ச்சியாக இருந்தது, ஊர் பார்க்க, பாட்டோடும் பெருமையோடும் நடந்தது. பெர்லினில் 2015 முதல் ‘பைக்கீஜீஸ்’ என்ற குழு இதைத்தான் அகதிப் பெண்களோடு செய்கிறது. ஃபிரைபர்க் நகரில் மாணவர்கள் தொடங்கிய ‘பைக் பிரிட்ஜ்’ அமைப்பும் அப்படியே. லண்டனில் 2016-இல் தொடங்கிய ‘சைக்கிள் சிஸ்டர்ஸ்’ முஸ்லிம் பெண்களுக்கான குழுப் பயணங்களை நடத்துகிறது. நிதிப் பயணம் நடத்துவோர் இவர்களைப் பயணத்தன்று கைதட்ட அழைக்கிறார்கள். மூன்று மாதம் முன்பே, திரட்டப்போகும் தொகையில் ஒரு பங்கைக் கற்பிக்கும் செலவுக்கு ஒதுக்கிவிட்டு அழைக்க வேண்டும்.

பெண்கள் ஓட்டாததற்குப் பண்பாடுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தில் பெண்கள் ஆண்களுக்குக் குறையாமல் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பிரிட்டனில் ஆண்களைவிட மிகவும் குறைவு. இரண்டு நாடுகளுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு கடல்தான். பெரிய வேறுபாடு சாலையில் இருக்கிறது. கார்களிலிருந்து பிரிந்த, பயமில்லாத பாதை கிடைத்தால் பெண்கள் ஓட்டுகிறார்கள். லண்டனில் 2013-இல் தொடங்கிய ‘ரைடு லண்டன்’ விழாவில், நூறு மைல் ஓட்டுபவர்களுக்கான பெரிய பயணத்தோடு, நகர நடுவில் கார்களை நிறுத்திவிட்டுக் கட்டணமில்லாமல் குடும்பங்கள் ஓட்டும் சுற்றும் இருந்தது. குழந்தைகளோடு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அகதிகளுக்கான பயணத்தை வரைபவர்கள் முதலில் தேட வேண்டியது மலையேற்றமுள்ள அழகான கிராமச் சாலையை அல்ல, காரில்லாத பாதையை.

காரில்லாத பாதை கிடைத்தாலும் அதில் எல்லாச் சைக்கிளும் நுழைந்துவிட முடியாது. போரிலும் சித்திரவதையிலும் உடல் சிதைந்தவர்கள் அகதிகளிடையே உண்டு என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று சக்கரச் சைக்கிள், கையால் சுழற்றி ஓட்டும் சைக்கிள், பார்வையற்றவர் பின்னால் அமர்ந்து மிதிக்கும் இருவர் சைக்கிள் எல்லாம் இருக்கின்றன. தெற்கு லண்டனில் ‘வீல்ஸ் ஃபார் வெல்பீயிங்’ அமைப்பு இவற்றை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவருகிறது. ஆனால் பிரிட்டனின் தேசிய சைக்கிள் வலையமைப்பை அதன் பொறுப்பாளர்களே 2018-இல் ஆராய்ந்தபோது, 16,000-க்கும் மேற்பட்ட தடுப்புகள் இருப்பதைக் கண்டார்கள். வலையமைப்பின் நீளமும் அப்போது ஏறத்தாழ அத்தனை மைல்தான். மைலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க நட்ட கம்பிகளும் வளைவுக் கதவுகளும் முதலில் தடுப்பது மூன்று சக்கரச் சைக்கிளைத்தான். இங்கிலாந்தில் 2020-இல் வந்த அரசு வழிகாட்டி, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள சைக்கிளை அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. கம்பிகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி கேட்கிறது. வழியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கதவையும் அளந்துவிட்டு வந்தால், பாதி வேலை முடிந்துவிடும்.

நாள் குறிப்பதிலும் இதே கவனம் வேண்டும். உலக அகதிகள் நாள் ஜூன் 20. பிரிட்டனில் அகதிகள் வாரமும் அதையொட்டியே. 2015, 2016, 2017 மூன்று ஆண்டும் ஜூன் 20 ரமலான் நோன்புக் காலத்துக்குள் விழுந்தது. லண்டன் கோடையில் நோன்பு பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல், தண்ணீரும் கிடையாது. 2024-இல் பக்ரீத் பெருநாளும் அகதிகள் வாரமும் அடுத்தடுத்து வந்தன. பிறைக் காலண்டரை ஒரு முறை புரட்டினால் தவிர்க்கக்கூடிய பிழை இது. உணவும் அப்படித்தான்: ஹலால், சைவம், மது இல்லாத நிறைவு விழா. இவற்றை நீட்டிப் பேச வேண்டியதில்லை, செய்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. ஒளிப்படம் எடுத்து இணையத்தில் போடுவது இந்தப் பயணங்களின் மூச்சு. தஞ்சம் கோருபவரின் முகம் அங்கே தெரிந்தால், ஊரில் இருக்கும் தாய்க்கும் தம்பிக்கும் என்ன நேரும் என்பதை ஈழத் தமிழர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: ஓட்டுநர்கள் வைத்திருக்கும் ஜிபிஎஸ் செயலி. 2018-இல் ‘ஸ்ட்ராவா’ செயலியின் உலக வரைபடத்திலிருந்து இராணுவத் தளங்களின் இருப்பிடமே வெளியே தெரிந்துவிட்டது. தஞ்சம் கோருவோரின் விடுதியிலிருந்து தொடங்கும் ஒருவருடைய பாதை அங்கே பதிவானால், விடுதியின் முகவரி ஊருக்கே தெரியும். 2024 ஆகஸ்டில் ராதர்ஹாமிலும் டாம்வர்த்திலும் அத்தகைய ஹோட்டல்களைக் கும்பல்கள் தாக்கித் தீ வைக்க முயன்றதைப் பார்த்தோம். ஆகவே படத்துக்கு முன்கூட்டியே சம்மதம் கேட்பது, சம்மதிக்காதவர் படமின்றியே முழு மரியாதையோடு ஓட்டுவது, விடுதிக்கு அருகில் அல்லாமல் பொது இடத்தில் கூடுவது, பாதைப் பதிவை மூடிவைப்பது எல்லாம் விதியாகவே இருக்க வேண்டும். இதனால் விளம்பரம் குறையும் என்றால் குறையட்டும்.

இப்போது எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் மறுப்புக்கு வருகிறேன். அகதிகளைச் சேர்ப்பது என்ற பெயரில் அவர்களைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடமாட்டோமா? நிறைவு விழாவில் மேடையேற்றி, உன் கதையைச் சொல், கடலை எப்படிக் கடந்தாய் என்று கேட்டுக் கண்கலங்குவது நடக்கிறது. இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து அவர்களை வெளியே வைப்பதல்ல. முடிவெடுக்கும் இடத்தில் உட்காரவைப்பது. மஸோமா அலி ஸாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கன் ஹஸாரா குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தை ஈரானில் அகதியாகக் கழித்து, காபூலில் சைக்கிள் ஓட்டியதற்காகக் கல்லடி பட்டு, 2017-இல் பிரான்ஸில் தஞ்சம் பெற்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காகத் தனிநபர் நேரப் போட்டியில் ஓட்டி 25 பேரில் கடைசியாக வந்தார். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணி முழுவதற்கும் தலைமைப் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அவரிடம் கதை மட்டும் கேட்கவில்லை. அணியை நடத்தச் சொன்னார்கள். நிதிப் பயணங்களின் செயற்குழுவில் வழி, நாள், கட்டணம், வசூல் எங்கே போகிறது என்று முடிவு செய்பவர்களில் அகதிகள் எத்தனை பேர்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. தஞ்சம் கோருபவருக்குச் சம்பளம் தர முடியாது என்று சட்டத்தைக் காட்டலாம். தன்னார்வத் தொண்டு செய்யச் சட்டம் இடம் தருகிறது. பயணச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஈடுகட்டலாம். கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மதுக்கூடத்தின் மாடியில் வைக்காமல் இருந்தாலே பாதிப் பேர் வருவார்கள்.

பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் பயணம் எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் அமர்வுகளை முன்னிட்டு, ஈழத் தமிழர்கள் நெதர்லாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெனீவா வரை நீதி கேட்டு ஈருருளிப் பயணம் போகிறார்கள். வழியில் ஊர் ஊராக நகர மேயர்களையும் அரசியல்வாதிகளையும் சந்தித்து மனு கொடுக்கிறார்கள். அது நிதிப் பயணம் அல்ல, அரசியல் பயணம். இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் அதில் மிதிப்பவர் தன் பெயரால் பேசுகிறார். யாரும் அவருக்காக இரங்கவில்லை. அவர் கேட்கிறார், மேயர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நிமிர்வை அகதிகளுக்கான நிதிப் பயணங்கள் இங்கிருந்து கற்றுக்கொள்ளலாம். அதே நேரம், முழுத் தொலைவையும் மிதிப்பது அங்கேயும் உடல் வலுவுள்ள ஒரு சிலர்தான். நான் இதுவரை சொன்ன கேள்விகள் நம் பயணங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு ஊரிலும் கடைசிச் சில கிலோமீட்டரை அந்த ஊர்த் தமிழ்ப் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஓட்டி நகர மன்றத்துக்குள் நுழைந்தால், மேயர்முன் நிற்பவர்களின் எண்ணிக்கையும் முகமும் மாறும்.

பழகிய ஓட்டுநர்கள் போய்விடுவார்களே என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்களுக்கு நூறு மைல் இருக்கட்டும். பத்து கிலோமீட்டரும் இருக்கட்டும். கிளம்பும் நேரத்தை மாற்றி வைத்து, இரு கூட்டமும் ஒரே இடத்தில், ஒரே மணி நேரத்துக்குள் வந்துசேரும்படி அமைக்கலாம். இத்தனை மணிக்குள் வராதவரை வண்டியில் ஏற்றிவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, கடைசி ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு மெக்கானிக்கை அனுப்பலாம். வேகத்தைக் கைவிட விரும்பாதவர் வேறு பயணத்துக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. வேகத்துக்கென்றே பயணங்கள் ஏராளம்.

இவற்றுக்கெல்லாம் செலவாகும். கற்பிக்கும் செலவு, மூன்று சக்கரச் சைக்கிளுக்கான வாடகை, பஸ் கட்டணம், காப்பீடு எல்லாம் வசூலிலிருந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு பவுண்டும் அகதிக்குப் போக வேண்டும் என்று நினைக்கும் நன்கொடையாளருக்கு இது உறுத்தலாம். அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடலாம்: இந்தச் செலவும் அகதிக்குத்தான் போகிறது. குறிப்பாக ஒரு செலவில் கஞ்சத்தனம் கூடாது. பயணத்துக்காக இரவல் கொடுத்த சைக்கிளை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்டு லாரியில் ஏற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மறுநாள் காலை அவருக்கு மீண்டும் அதே சொற்ப வாரப் பணம், அதே ஐந்து டிக்கெட். சைக்கிள் அவருடையதாகவே இருக்கட்டும். கனமான பூட்டு ஒன்று, முன்னும் பின்னும் விளக்கு, பம்பு, டியூப் பஞ்சரானால் கூப்பிட ஒரு தொலைபேசி எண், சைக்கிளை உள்ளே வைக்க விடாத விடுதி நிர்வாகத்திடம் போய்ப் பேச அமைப்பிலிருந்து ஒருவர். பயணத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தை எழுதும்போது இந்த வரியை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.